உப்புப் புகாத ரீல்

— அண்ணே, அதைத் திறக்கவே வேணாம். பழசு பழசாவே கிடக்கட்டும். புதுசு ஒண்ணு எடுத்துக் குடுங்க, நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கேன்.

— கோவிச்சுக்காதீங்க சார். ஆறு மாசத்துல இது மூணாவது தூண்டில் ரீல். கைப்பிடி அசையவே மாட்டேங்குது. வித்தோமா போனோமான்னு இருக்க நான் வெறும் கடைக்காரன் இல்ல, ரிப்பேரும் பாக்குறவன். இது ஏன் செத்துச்சுன்னு தெரியாம நாலாவதை உங்க கையில குடுத்தா எனக்குச் சோறு இறங்காது.

— ஏன் செத்துச்சாம். கடல் தண்ணிதாண்ணே. காயக்குங்கிற குட்டித் துடுப்புப் படகுல உக்காந்தா தண்ணி நாலு விரல் கீழதான் இருக்கு. வர்ற அலையெல்லாம் ரீலைக் குளிப்பாட்டிட்டுத்தான் போகுது.

— அதைத்தானே போன தடவை தொண்டை வத்தக் கத்தினேன். பெரிய படகுல நின்னு மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு ரீல், காயக்ல போறவனுக்கு ஒரு ரீல்னு. காதுல வாங்கினீங்களா? தங்கச்சி, நீங்க சொல்லுங்கம்மா, உங்க வீட்டுக்காரர் யார் பேச்சையாவது கேப்பாரா?

— அந்தக் கதையே வேணாம்ணா. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல நான் சொல்லி இவர் கேட்டது, ஜன்னலைச் சாத்துங்கன்னு சொன்னது ஒண்ணுதான். அதுவும் இவரைக் கொசு கடிச்சதால.

— இப்ப அது எதுக்கும்மா இங்க.

— கேட்டார், சொன்னேன். தப்பா?

— சரி, ரெண்டு பேரும் இங்க பாருங்க. இந்த ரீல் உடம்பு முழுக்க அலுமினியம். மூடி சேர்ற இடம், கைப்பிடி நுழையுற இடம், எல்லாத்துலயும் ரப்பர் சீல். மீன் இழுக்கும்போது நூலை அளவா விடுற பிரேக் இருக்கே, நாங்க டிராக்குன்னு சொல்றது, அதுக்கும் தனி சீல். காயக் கவுந்து தண்ணியில முங்கினாலும் உள்ள ஒரு சொட்டுப் போகாது.

— கனமா இருக்குண்ணே.

— ஒரு மாங்காய் கனம் கூட வித்தியாசம் இல்ல சார்.

— காலையில இருந்து மதியம் வரைக்கும் கையில பிடிச்சுப் பாருங்க, தெரியும்.

— அண்ணா, இதுல எத்தனை ஸ்க்ரூ?

— ஸ்க்ரூவா? அதை எதுக்கும்மா கேக்குறீங்க?

— சும்மாதான். கேட்டா தப்பா?

— வெளியில ரெண்டே ரெண்டு. அதுவும் தனி அச்சு. அதுக்கான சாவி எங்களை மாதிரி ஆளுங்ககிட்டதான் இருக்கும். வீட்டுல எவரும் கை வைக்க முடியாது.

— திறக்கவே முடியாதாண்ணா?

— முடியாது.

— அப்ப இது வேணாம்.

— இதையே நானும் சொல்ல வந்தேன். வேணாம்ணே.

— ஏன் சார் வேணாம்? போன வாரம் ஃபோன் பண்ணி என்ன சொன்னீங்க? 'விலை எவ்வளவானாலும் பரவாயில்ல, கெடவே கெடாத ரீல் ஒண்ணு எடுத்து வைங்க'ன்னு என் காது கிழியக் கத்தினீங்களா இல்லையா?

— அப்போ மச்சான் பக்கத்துல இருந்தாருண்ணே.

— யாரு?

— எங்க அண்ணனைச் சொல்றார். இவரைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். வர்ற ஞாயித்துக்கிழமை வெளிப்பாறைக்குப் போறாங்களாம். ரெண்டு மணி நேரம் துடுப்புப் போடணுமாம். ஒரு வாரமா வீட்டுல வேற பேச்சே இல்ல.

— வெளிப்பாறைக்கா? அங்க பெரிய மீன் மாட்டும் சார். இழுக்குற இழுவையில சாதா ரீல் பல்சக்கரம் நொறுங்கிடும். சரி, கனம்தானே பிரச்சினை, இதைப் பாருங்க. இதுவும் சீல் வெச்சதுதான். பேரிங் ஏழுதான் இருக்கு, ஆனா ஏழும் துருப்பிடிக்காத எஃகு. பெட்டி மேல பதினாலு பேரிங்னு போட்டிருப்பான், அதைப் பாத்து ஏமாறாதீங்க, துருப்பிடிக்கிறதுக்குப் பதினாலு இடம்னு அர்த்தம்.

— கைப்பிடி எனக்கு ஒத்து வராதுண்ணே.

— இடது பக்கம் மாத்திக்கலாம்.

— கலரும் ஒரு மாதிரி பளபளன்னு இருக்கு.

— மீன் உங்களைப் பொண்ணு பாக்கவா வருது? சார், கோவிச்சுக்காதீங்க, இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கவுன்டர்ல நிக்கிறேன். உழைக்கிறதா குடுங்கன்னு கேட்டு வந்து, உழைக்கிறதையெல்லாம் வேணாம்னு தள்ளுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

— போன தடவை வாங்கினதே இன்னொண்ணு குடுங்க. அது போதும்.

— ரெண்டு மாசத்துல செத்துப் போனதையே திரும்பக் கேக்குறீங்க. தெய்வமே. தங்கச்சி, இவர் கடல்ல இருந்து வந்ததும் ரீலைக் கழுவுறாரா இல்லையா?

— நான்தாண்ணா கழுவுறேன். டிராக்கை இறுக்கிட்டு, நல்ல தண்ணியை மேலால லேசாத் தெளிச்சு, துணியால ஒத்தியெடுத்து, நிழல்ல காய வெச்சு, அப்புறம் டிராக்கைத் தளர்த்தி விடுறேன். நீங்க எழுதிக் குடுத்த சீட்டு எங்க ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு.

— அவ்வளவு சுத்தமாச் செஞ்சுமா இறுகிப் போகுது? இல்ல, இதை நான் திறந்தே ஆகணும்.

— அண்ணே, நேரமாகுது.

— உங்களுக்கு ஆனா ஆகட்டும். இருங்க. ம். வெளியில பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. கடல் உப்பு முதல்ல அரிக்கிறது நூல் உரசி ஓடுற உருளையை. அது பூப் போல சுத்துது. கைப்பிடி மூட்டும் சுத்தம். ஆனா உள்ள மட்டும்... அட. இது என்ன?

— என்னண்ணே?

— கிரீஸையே காணோம். யாரோ துணி விட்டுத் துடைச்சிருக்காங்க. பல்சக்கரத்து மேல உப்பு. சார், கடல் தண்ணி காஞ்சா பாளம் பாளமா, வெள்ளைப் படையா ஒட்டும். இது தனித்தனி மணியா இருக்கு. ஒரே அளவு. பாக்கெட்ல வர்ற பொடி உப்பு.

— சரிண்ணே, மூடிடுங்க. போனது போகட்டும்.

— ஸ்க்ரூ தலையைப் பாக்குறேன், கீறல் இல்ல. நீங்க கொண்டு வந்த முதல் ரெண்டு ரீல்லயும் தலையெல்லாம் கடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு, தயாரிப்புக் கோளாறுன்னு நெனச்சு கம்பெனிக்காரனைத் திட்டினேன். இதை யாரோ சரியான சாமானை வெச்சு நிதானமாத் திறந்து மூடியிருக்காங்க. சார், போன தடவை சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்களே, நீங்கதான் நோண்டுறீங்களா?

— அது வீட்டு வேலைக்கு வாங்கினதுண்ணே.

— அப்ப உப்பு தானா நடந்து வந்துச்சா?

— அவரைக் கேக்காதீங்கண்ணா. நான்தான் போட்டேன்.

— தங்கச்சி?

— ஆமா. மூணுலயும் நான்தான் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் உப்பு, கொஞ்சம் தண்ணி. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில அஞ்சு மணிக்குப் போனவர், பத்துக்கு வந்துடுறேன்னார். நான் சாப்பாட்டுத் தூக்கோட கரையில நிக்கிறேன். பத்து ஆச்சு, பன்னண்டு ஆச்சு. எங்க அண்ணன் வந்துட்டார், மத்தவங்க எல்லாரும் வந்துட்டாங்க, இவரைக் காணோம். மூணு மணிக்கு எவனோ ஒருத்தன் படகுல, பின்னாடி காயக்கைக் கட்டி இழுத்துட்டு வந்து இறக்கி விட்டான். இறங்கினதும் என்ன சொன்னார் தெரியுமா? பசிக்குதுன்னார்.

— பசிச்சுதும்மா.

— பேசாதீங்க. காயக்கை உடைக்கலாம்னு பாத்தேன், அது எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தது. அழுது பாத்தேன், சிரிக்கிறார். ரீல் கெட்டா ஒரு மாசம் கடல் பக்கமே போக மாட்டேங்குறார்னு தெரிஞ்சுது. அதான்.

— சார், கோவிச்சுக்காதீங்க, உப்புப் போட்டதுக்கெல்லாம் கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டான்.

— யாரும் மாத்தித் தர வேணாம்ணா. எனக்கும் அலுத்துப் போச்சு. அந்த முதல்ல காட்டினீங்களே, திறக்கவே முடியாதது, அதையே கட்டிக் குடுங்க. போகட்டும். வெளிப்பாறைக்குப் போகட்டும், அதுக்கு அப்பாலயும் போகட்டும். நான் இனிமே எதையும் தொட மாட்டேன்.

— வேணாம்ணே, கட்டாதீங்க.

— இன்னும் என்ன சார்? அவங்களே சரின்னுட்டாங்க.

— விஷயம் அது இல்லண்ணே. கெடாத ரீல் வாங்கினா ஞாயித்துக்கிழமை நான் போயாகணும்.

— போகத்தானே ஆறு மாசமா அலையுறீங்க?

— அன்னைக்குக் காயக் கவுந்துச்சுண்ணே. நாலு தடவை ஏறப் பாத்தேன், நாலு தடவையும் வழுக்கி விட்டுடுச்சு. அஞ்சாவது தடவை கையைத் தூக்க முடியல. அந்தப் படகு வர்ற வரைக்கும் சும்மா பிடிச்சுட்டு மிதந்தேன். இப்ப துடுப்பைக் கண்டாலே வேற பக்கம் திரும்பிக்கிறேன். ரீல் போச்சுன்னா 'அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாப்ள'ன்னு மச்சான் விட்டுடுவார். பயமா இருக்குன்னு அவர்கிட்டப் போய் எந்த வாயால சொல்லுவேன்?

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நான் இங்க திருட்டுத்தனமா உப்பைப் போட்டுட்டுக் குத்த உணர்ச்சியில செத்துட்டு இருக்கேன், நீங்க ஒண்ணும் தெரியாதவர் மாதிரி மூணு ரீலைத் தூக்கிட்டு வந்து இவர்கிட்டச் சண்டை போட்டிருக்கீங்க. அந்த ஸ்க்ரூடிரைவர் ரீல் பெட்டியிலயே வந்ததுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

— பெட்டியில எங்கம்மா அதெல்லாம் வருது? ரெண்டாவது ரீலைக் காய் வெட்டுற கத்தியால திறக்கப் போய் விரலைக் கிழிச்சுக்கிட்டியே, அதான் வாங்கிட்டு வந்து உன் டிராயர்ல உப்பு டப்பா பக்கத்துல வெச்சேன்.