இன்னும் மூணு இஞ்ச்

இல்ல தம்பி, ஸ்பிரிங் உக்காரலைன்னு நீங்க சொல்றதை நான் தப்புன்னு சொல்லலை. டேப் வச்சு நாலு பக்கமும் அளந்துட்டீங்க, நானும் கூடவே குனிஞ்சு பாத்தேன். ஆனா எங்க வீட்டுக்காரரு உக்காந்துடுச்சுங்கறாரு. போன தடவை வண்டியைத் தூக்கிக் கட்டினோமே, அந்தப் புது ஸ்பிரிங் மூணு இஞ்ச் இறங்கிடுச்சாம். அதுக்குப் பெரிய டயரா, பெரிய வீலாப் பாத்துப் போட்டுக்கிட்டு வான்னு அனுப்பியிருக்காரு. இதே உயரத்துல திருப்பிக் கொண்டு போய் நிறுத்தினேன்னா சாப்பிட மாட்டாரு. கோவம்னு நினைக்காதீங்க, கத்தினாக்கூடத் தேவலை. வாயையே திறக்க மாட்டாரு. நேத்தும் அப்படித்தான், முந்தா நேத்தும் அப்படித்தான்.

உங்களைக் குத்தம் சொல்லலை தம்பி. நீங்க போட்ட ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங். அன்னிக்கு வண்டி வீட்டுக்குப் போனதும் அவரு முகத்தை நீங்க பாத்திருக்கணும். கேட்டு வாங்கி ரெண்டாந்தரம் சாப்பிட்டாரு. அதுக்காகத்தான் உங்க கடைக்கே திரும்பி வந்தேன்.

இந்த டயர் மண்ணுக்கு, அது பாறைக்கு, அந்தக் கடைசி வரிசை எல்லாத்துக்கும்னு துணிக்கடையில துணியை விரிக்கற மாதிரி விரிக்கறீங்க. எனக்குத் தலை சுத்துது. மண்ணும் வேண்டாம், பாறையும் வேண்டாம். எதைப் போட்டா வண்டி எவ்வளவு ஏறும்? அதை மட்டும் சொல்லுங்க.

அதுவா? அது இப்ப இருக்கறதை விட மூணு இஞ்ச் பெருசா? அப்ப அதையே போட்டுடுங்களேன், என்ன யோசனை.

பாதியா? ஏன் பாதி?

ம். ம். அச்சு நடுவுல இருக்கு. சக்கரம் பெருசானா அச்சுக்கு மேலயும் பெருசாகும், கீழயும் பெருசாகும். கீழ இருக்கற பாதிதான் வண்டியைத் தூக்கும். அட, ஆமா. தோசைக்கல்லு மாதிரி வட்டம்தானே. இது ஏன் எனக்குத் தோணலை? மூணு இஞ்ச் பெரிய டயர் வாங்கினா மூணு இஞ்ச் ஏறிடும்னு வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கிட்டு வந்தேன். அப்ப மூணு ஏறணும்னா ஆறு இஞ்ச் பெரிய டயரா? சிரிக்காதீங்க தம்பி. டிராக்டர் டயரா? முடவன் கொம்புத் தேனுக்கு... வேண்டாம், அந்தப் பழமொழியே வேண்டாம். விடுங்க.

சரி, வீலைப் பெருசாக்கினா? அப்பவுமா? வீல் பெருசானா ரப்பர் ஒல்லியாயிடும், மொத்த உயரம் மாறாதா. அப்ப ரோட்டுல போற பசங்க எல்லாம் எதுக்கு அவ்வளவு பெரிய வீல் போட்டுக்கிட்டுத் திரியறாங்க? அழகுக்கா. நல்லா இருக்கு போங்க. கொஞ்சம் வெளியே தள்ளி உக்கார்ற வீல் வேணும், இல்லைன்னா பெரிய டயர் உள்பக்கம் இடிக்கும், அவ்வளவுதானே? அதைப் போடுங்க. கருப்போ வெள்ளியோ, உங்க இஷ்டம். கலர் யாரும் பாக்கப் போறதில்லை.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா உரசுமா? நான் முழுசா ஒடிக்கறதே இல்லை தம்பி. வண்டியைத் திருப்பணும்னா நேராப் போய், பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுத்தி, பெரிய வட்டமா அடிச்சுக்கிட்டு வந்துடுவேன். எனக்குப் பின்னாடி வர்றவங்கதான் பாவம். உள்ள பிளாஸ்டிக்கை வெட்டணும்னா வெட்டுங்க. மீட்டர் வேகத்தைக் கம்மியாக் காட்டுமா? நான் போற வேகத்துக்கு அந்த முள்ளு எழுந்திருக்கறதே பெரிய விஷயம். டீசல் குடிக்கும்னா குடிக்கட்டும், ஓடினாத்தானே குடிக்கும்.

சத்தம் வருமா? எவ்வளவு? தேனீ மாதிரி ஊம்ம்னா? தெருமுனையில திரும்பறப்பவே வீட்டுக்குள்ள கேக்குமா? அப்ப அந்த டயர்தான். அதையே எடுங்க.

எங்க ஓட்டப் போறீங்கன்னு மூணாவது தடவையாக் கேக்கறீங்க. உங்க தொழில், கேக்கணும்தான். எங்கயும் ஓட்டறதில்லை தம்பி. தெருவுல நிக்கும். காலையில ஒரு சுத்து எடுத்துட்டுத் திரும்ப அதே இடத்துல நிறுத்துவேன். சுவரை ஒட்டி, மூக்கு பால் பூத் பக்கம் இருக்கற மாதிரி. அவ்வளவுதான்.

இருங்க, போன். அவருதான்.

ம், சொல்லுங்க. கடையிலதான். ஆமா, பாத்தாரு. அளந்தாரு. ம்... ஆமாங்க. உக்காந்துதான் போயிருக்காம். நீங்க சொன்ன அதே அளவுதான். மூணு. ஆமா, அவரே ஆச்சரியப்பட்டாரு, எப்படிம்மா பாக்காமலே சொன்னாருன்னு. இல்ல, போனை அவர்கிட்ட குடுக்க முடியாது, கையெல்லாம் கிரீஸ். டயர் பாத்துட்டேன். பெருசு, ரொம்பப் பெருசு. தண்ணி குடிச்சீங்களா? உங்க அக்காகிட்ட சொல்லுங்க, திருப்பிப் படுக்க வைக்கற நேரம் தாண்டிடுச்சு. அக்கா, கேக்குதா? இடது பக்கமா, நடுவுல தலையணை வச்சு. சரி. வந்துடறேன். வச்சுடறேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. உங்களை வச்சுக்கிட்டே உங்க பேர்ல பொய் சொல்லிட்டேன், தெரியுது. எனக்கே வாய் கூசுது.

அவரு வர மாட்டாரு. வர முடியாது. அதான் நான் வந்து உங்க உயிரை எடுத்துக்கிட்டிருக்கேன்.

செல்போன் டவர் நிறுத்தற வேலை பாத்தாரு. மலை உச்சி, காடு, பாதையே இல்லாத இடம், அங்கெல்லாம் இந்த வண்டியிலதான் போவாரு. டவர் மேல ஏறி நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ணுவாரு, உன் சமையல் வாசனை இங்க வரைக்கும் வருதுடின்னு. அவ்வளவு உயரம் ஏறி இறங்கின மனுஷன். பரண்ல இருந்து ஒரு பெட்டியை எடுக்கறேன்னு நாற்காலி மேல ஏறினாரு. நாற்காலி தம்பி. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யலை. தலை மட்டும் முன்னை விடக் கூர்மை. காது அதை விட.

கட்டில் ஜன்னலோரம் இருக்கு. ஜன்னலுக்கு வெளியே ரெண்டடி இடம், அப்புறம் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தெரு, இந்த வண்டி. படுத்த இடத்துல இருந்து பாத்தா சுவருக்கு மேல வண்டியோட மேல்பாதி தெரியும். கண்ணாடி, கண்ணாடிக்குள்ள சீட்டு, ஸ்டீயரிங்ல ஒரு வளைவு. அதைப் பாத்துக்கிட்டே கிடப்பாரு. எங்க போறீங்கன்னு கேட்டா ஏதாவது ஒரு மலை பேரு சொல்லுவாரு. அப்புறம் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமா சுவருக்குக் கீழ போயிடுச்சு. ஸ்பிரிங் பழசு, உக்காந்துடுச்சு, மாத்துன்னாரு. மாத்தினோம். திரும்பத் தெரிஞ்சுது. இப்ப மறுபடியும் போயிடுச்சு. கூரையோட ஓரம் மட்டும் வெள்ளையா ஒரு கோடு. சுவர் மேல எவனோ சுண்ணாம்பு இழுத்த மாதிரி இருக்குடி, அது என் வண்டியான்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல.

சுவரை இடிக்கறதா? வாடகை வீடு. வீட்டுக்காரம்மா காலைப் பிடிக்காத குறை. அந்தம்மா ஜன்னலை வேணா பெருசு பண்ணிக்கோங்கறாங்க, சுவருக்கு இந்தப் பக்கம் ஜன்னல் பெருசானா என்ன, சின்னதானா என்ன. கண்ணாடி மாட்டிப் பாத்தோம், நிலைக்கண்ணாடி. அதுல வண்டி தெரிஞ்சுது, கூடவே அவரு முகமும் தெரிஞ்சுது. கழட்டுன்னுட்டாரு. பையன் வெளியூர்ல இருந்து சொல்றான், கேமரா வச்சு டிவியில காட்டலாம்மான்னு. அவன்கிட்ட சொன்னாரு, டிவியில பாக்கறதுக்கு என் வண்டி எதுக்குடா, எவன் வண்டியா இருந்தா என்னன்னு. வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளி நிறுத்தினா முழுசாத் தெரியும். தெரியுமா தெரியாதா? தெரியும். எதிர்ப்பக்கம் லாண்டரிக்காரரு கடை. அவரு வாசலை அடைச்சா அவரு பொழைப்பு என்ன ஆகும்?

என்ன சொல்றீங்க? பலகையா? சக்கரத்துக்குக் கீழயா?

டயர் ஒன்றரை இஞ்ச், பலகை ஒன்றரை இஞ்ச்.

தம்பி. அது ஏன் இத்தனை நாளா யாருக்கும் தோணலை? கீழ என்ன இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சுவர் மறைக்குமே. டயரையே அவரு பாக்கப் போறதில்லை. எந்த டயர், எந்த வீல்னு இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினோமே, அதை அவரு ஒரு நாளும் பாக்கப் போறதில்லை.

இல்ல இல்ல, டயர் வேண்டாம்னு சொல்லாதீங்க. டயர் வேணும். காது சொன்னேனே. வெறும் பலகையை வச்சுட்டுப் புது டயர்னு சொன்னா தெருமுனையிலேயே கண்டுபிடிச்சுடுவாரு. அந்த ஊம்ம் வேணும். யாராவது வந்தா, போய் டயரைப் பாத்துட்டு வந்து சொல்லுங்கம்பாரு, வர்றவங்களும் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க. பலகையைக் கேட்டா மழைத் தண்ணி நிக்குது, ரப்பர் ஊறக்கூடாதுன்னு வச்சேன்னு சொல்லிக்கறேன். நம்புவாங்க. டயரைப் பத்திப் பொம்பளை சொன்னா பாவம்னு விட்டுடுவாங்க. ஏத்தறதுதான் கஷ்டம். நாலு சக்கரமும் நேரா ஏறணும். நீங்க ஒரு தடவை இங்கயே வச்சுக் காட்டுங்க, நான் ஏத்திப் பாக்கறேன். தலையணை போட்டு உக்காந்துதான் ஓட்டறேன், கீழ எதுவும் தெரியாது. கையைக் காட்டுங்க, உங்க கையைப் பாத்து ஏத்தறேன்.

ஒன்றரை இஞ்ச் பலகைதான் இருக்கா? அதை விடத் தடிமனா? ரெண்டை ஒண்ணா ஆணி அறைஞ்சு குடுக்க முடியுமா? இப்ப வேண்டாம், இப்ப ஒண்ணு போதும். அடுத்ததுக்குச் சொல்றேன். இன்னும் இறங்கும் தம்பி.

இல்ல, ஸ்பிரிங் இறங்காது. நீங்கதான் அளந்து காட்டினீங்களே. எனக்கு முன்னாடியே தெரியும். வண்டி ஒரு நூலும் இறங்கலை. கட்டில்தான் இறங்குது.

ஆஸ்பத்திரிக் கட்டில். தலைமாட்டுப் பக்கம் தூக்கி வைக்கற மாதிரி. காலடியில ஒரு கைப்பிடி இருக்கு, சுத்தினா ஏறும், இறங்கும். தூக்கியே வச்சு வச்சு முதுகுக்குக் கீழ புண்ணு வந்துடுச்சு. பாரம் பூரா அந்த இடத்துலதான் உக்காருது, தட்டையாப் படுக்க வைங்க, இல்லைன்னா எலும்பு வரைக்கும் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கு வலி தெரியாதே, அதனால நம்பலை. படுத்தா விட்டம்தான் தெரியும், விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கறதுக்கு என்னை இப்பவே கொண்டு போய்ப் போட்டுடுங்கன்னுட்டாரு. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் கைப்பிடியைப் பாத்தேன். மத்தியானம் அவரு கண் அசந்தப்புறம் அரைச் சுத்து. அடுத்த வாரம் இன்னொரு அரைச் சுத்து. நாத்தனாருக்குக் கூடத் தெரியாது. புண்ணு ஆறிக்கிட்டு வருது தம்பி, ஓரமெல்லாம் சிவப்பா, நல்ல தோல் வந்திருக்கு. அவரு கண் முழிச்சு ஜன்னலைப் பாப்பாரு. ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் உக்காந்திருக்குடிம்பாரு. எவ்வளவுன்னு அளவும் சொல்லுவாரு. நான் போய் அளந்து பாப்பேன், கட்டிலை. சரியாத்தான் இருக்கும்.

நீங்க டயரைக் கழட்டுங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே நிக்கறேன், உங்க வேலை கெடுது.

முதல்ல அந்த ஏணியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சு வைங்க. பரவாயில்லை, நானே ஏறிக்கறேன். ஒரு ஈரத்துணி இருந்தாக் குடுங்க. வண்டிக் கூரை ஓரத்துல காக்கா எச்சம் வழிஞ்சிருக்கு.