மண் ஒட்டாத கேரட்

மலைநகர் வணிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஐயா பவுல்ராஜ் அவர்களே! முன்வரிசையில் கம்பளிக்குள் ஒடுங்கி அமர்ந்திருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே! பண்ணைக்காட்டிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து வந்திருக்கும் மிளகு, வாழை வியாபாரிகளே! டாக்சி ஓட்டும் தம்பிமார்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, அக்கா தங்கையரே! உங்கள் எல்லோருக்கும் ஏரிச்சாலையில் விடுதி நடத்தும் அருள்மேரியின் பணிவான வணக்கம்.

வாழ்த்திப் பேசவா வந்தேன்? வரவேற்றுப் பேசவா வந்தேன்? இல்லை ஐயா. பயந்துபோய் வந்திருக்கிறேன். கோடை சீசன் வாசலில் நிற்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம், கம்பளிகளை வெயிலில் போட்டுவிட்டோம், பெயர்ப் பலகைக்குப் புதுப் பெயின்ட் பூசிவிட்டோம். ஆனால் நம் குழாய்களை எங்கே திருப்பினோம்? விடுதிகளின் கழிவுநீர் ஓடையில் விழக்கூடாது, தொட்டி கட்டி முடித்த பிறகே அறைகளைத் திறக்க வேண்டும் என்பது இன்றைய தீர்மானம். அது தோற்றுவிடுமோ என்பதுதான் என் பயம்.

ஒரு கேரட்டின் கதையைக் கேளுங்கள். முன்பெல்லாம் நமக்குக் கீழே ஓடைக்கரையில் இருக்கிற பள்ளங்கியிலிருந்து கேரட் மண்ணோடுதான் வந்தது. மண்ணோடு வந்தது, மணத்தோடு வந்தது, மனத்துக்கு நிறைவாகவும் இருந்தது. போதும் என்று இருந்தோமா? சமையல்கட்டு சகதியாகிறது, கழுவிப் பளபளவென்று கொண்டுவந்தால்தான் எடுப்போம் என்று சொன்னவர் யார்? கவர்மெண்டா சொன்னது? சங்கம் கூடி நாமேதான் சொன்னோம். அன்று முதல் பள்ளங்கிப் பெண்கள் ஓடையில் இறங்கி, கேரட்டைச் சாக்கில் கொட்டி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மிதித்து மிதித்துக் கழுவுகிறார்கள். எந்த ஓடை? நம் குளியலறையும் கழிப்பறையும் போய்ச் சேருகின்ற அதே ஓடை!

சென்ற வாரம் எனக்குக் கேரட் வரவில்லை. கொண்டுவருகிற ராக்காயியைத் தேடி பஸ் ஏறி பள்ளங்கிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. ஓடையில் மற்ற பெண்கள் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால்களைச் சுற்றி என்ன மிதந்தது தெரியுமா? விருந்தினருக்கு நாம் வைக்கிறோமே சின்னச் சோப்பு, அதன் உறைகள். என் விடுதியின் பெயரும் மிதந்தது. அண்ணன் சேனாதிபதி விடுதியின் பெயரும் மிதந்தது. சிரிக்காதீர்கள் அண்ணே, நானும் அங்கே முதலில் சிரிக்கத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, ராக்காயி மகளோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பு எங்கே போனதோ.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராக்காயியின் மகள் சின்னத்தாயிக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். அவளுக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சள், நகம் மஞ்சள், போர்த்திய துணியிலும் மஞ்சள். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் எத்தனை ஆபத்து என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராக்காயி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஏம்மா, ரெண்டு உசுருல்ல உள்ள கெடக்கு. டாக்டரம்மா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கிறாக. அந்தத் தண்ணியிலதேன் நின்னு கழுவுனா, அதத்தேன் குடிச்சா. வேற தண்ணிக்கு நாங்க எங்கிட்டுப் போக?”

இன்று காலையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அதே கட்டில், அதே மஞ்சள். குழந்தை இன்னும் பிறக்கவில்லை.

“சீசன் முடியட்டும், அப்புறம் கட்டுவோம்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அண்ணன் சேனாதிபதிதானே? அண்ணே, உங்களிடமே கேட்கிறேன். மதுரையில் துணிக்கடை வைத்தவர் துணி விற்கிறார். திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்தவர் பூட்டு விற்கிறார். நாம் என்ன விற்கிறோம்? கட்டிலையா? மெத்தையையா? அவை இல்லாத ஊரிலிருந்தா அவர்கள் மலையேறி வருகிறார்கள்? காற்றை விற்கிறோம் அண்ணே, குளிரை விற்கிறோம், நம்பிக் குடிக்கலாம் என்கிற தண்ணீரை விற்கிறோம்! கொடைக்கானலுக்குப் போனால் காமாலை வரும் என்று வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னால் போதும், வந்த வண்டியிலேயே திரும்பிப் போவார்கள். அப்புறம் எந்தப் பலகைக்கு எந்தப் பெயின்ட் அடித்து யாரைக் கூப்பிடுவீர்கள்? துணி வீணானால் வேறு துணி வாங்கலாம். மலை வீணானால் வேறு மலையை எந்தச் சந்தையில் வாங்குவது?

தொட்டி கட்டினால் தொழில் படுத்துவிடும் என்கிறார்கள். வட்டக்கானலில் சின்னதாய் விடுதி நடத்தும் அருளப்பன் அதோ தூணோரம் நிற்கிறார். கூச்சப்படாமல் முன்னே வாருங்கள் தம்பி. கழிப்பறைக்கு மூடிய தொட்டி கட்டினார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஜல்லியிலும் மணலிலும் வடியவிட்டுப் பேரிக்காய் மரங்களுக்குப் பாய்ச்சினார். காய்கறித் தோலை மட்கவைத்துப் பூண்டுத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கிறார், அவர்கள் நல்ல காயாய்ப் பார்த்து அவருக்கே முதலில் கொண்டுவருகிறார்கள். போன கோடையில் நாமெல்லாம் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். அவர் நின்றாரா? அவர் தொழில் படுத்ததா, பக்கத்து மனையையும் சேர்த்து வாங்கினாரா? நீங்களே சொல்லுங்கள்.

மலையைக் காப்பது தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. தர்மம் பேச இங்கே சாமியார்களும் பாதிரியார்களும் இருக்கிறார்கள். நான் கடைக்காரி, கடைக்காரி போலவே பேசுகிறேன். போட்ட முதலைக் கெடுத்துக்கொண்டு லாபம் பார்த்தவர் இந்தச் சபையில் யாராவது உண்டா? நமக்கு முதல் அந்தத் தண்ணீர்தான்!

தலைவர் மணியை எடுத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன் ஐயா. இந்தக் கூட்டம் கலைந்ததும் பக்கத்து மண்டபத்தில் விருந்து. இந்த ஆண்டுச் சமையல் என் பொறுப்பு. இலையின் ஓரத்தில் வைக்கப் பச்சைக் கேரட்டைச் சீவிப் பச்சடி செய்திருக்கிறேன். பள்ளங்கி ஓடையில் இன்று காலை கழுவிய கேரட். மண் ஒரு துளி இல்லை, பளபளவென்று இருக்கிறது, நாம் கேட்ட மாதிரியே.

மறுத்துப் பேச எழுந்த அண்ணன் சேனாதிபதி ஏன் உட்கார்ந்துவிட்டார்? நான் யாரையும் மிரட்டவில்லை. நம்மை நம்பி வருகிற விருந்தாளிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நாம் தினமும் வைக்கிற பச்சடிதான். வேண்டாம் என்பவர்கள் இலையில் அதை வைக்கச் சொல்லமாட்டேன். எனக்கே தொடப் பயமாக இருக்கிறது. ஆனால் தீர்மானத்துக்கு எதிராகக் கை தூக்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். தூக்கிய அந்தக் கையாலேயே அதை எடுத்து, உங்கள் மனைவி மக்கள் பார்க்கச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும், மணியை அடிக்காமல் கையிலேயே வைத்திருந்த தலைவருக்கும் என் நன்றி. வணக்கம். இனி நீங்கள் கையைத் தூக்கலாம்.