வராத மேஸ்திரி

நந்தனத்தில் அடையாறு பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது: “ரெண்டு மேஸ்திரில ஒருத்தன் வரல. அவ்ளோதான்க்கா நடந்துது.”

சொன்னவள் சித்தாள் வேலை செய்கிறவள், மாசமாக இருந்தாள். மடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட மூணு வயசுப் பெண். பக்கத்தில் நாத்தனார்.

“இன்னாடி மேஸ்திரி? இவ வயித்துல இருக்கசொல்ல கிரகணத்துல வெளிய வந்த, கொழந்தைக்குக் கண்ணுல பாப்பாவ சுத்தி இருக்குற கலர் வட்டமே இல்லாம போச்சு.”

“கண்ணு கட்டுறதுக்குன்னு ஒரு ஜீன் கீதாம். அது மத்த ஜீனுங்கள வேல வாங்குமாம். மேஸ்திரி மாதிரியான்னு கேட்டேன். டாக்டரம்மா ஆமான்னாங்க. அம்மா கிட்டேந்து ஒண்ணு, அப்பா கிட்டேந்து ஒண்ணு, ரெண்டும் வேல செய்யணும். இவளுக்கு ஒண்ணுதான் செஞ்சுது.”

“அதான் கட்டி முடிஞ்சிச்சே. இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?”

“கண்ணு மேல தோல் தேஞ்சிக்கினே இருக்குமாம். ஓரத்துல ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு புதுசு புதுசா தோல் போடணும். அதையும் பாத்துக்கிறது அதே மேஸ்திரிதான்.”

“வராதவன் உன் பக்கமா, என் தம்பி பக்கமா?”

“டெஸ்ட் எடுத்தாச்சு. ரெண்டு பேர் கிட்டயும் அந்தக் கோளாறு இல்ல. தானா ஆனது.”

நாத்தனார் அவள் வயிற்றைப் பார்த்தாள். “வர்ற கிரகணத்துக்காச்சும் உள்ளயே கெட.”

“அன்னிக்கி காங்க்ரீட் கீது. போவேன்.”

“இதுக்கும் ஒருத்தன் வரலன்னா?”

அவள் குழந்தையின் கண்ணாடியைச் சரியாக மாட்டிவிட்டாள்.

“ஒரு மேஸ்திரி கட்டுனாலும் வூடு வூடுதான்க்கா.”