பதினாலாம் பக்கத்தில் விடுபட்டது

ஆலை இடம்பெயர்ந்த செய்தியில் முதலாளி இருப்பார். தொழிலாளர் குழுத் தலைவர் இருப்பார். நகர மேயர் வருத்தத்தோடும், பொருளியல் பேராசிரியர் ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லோடும் இருப்பார்கள். பூட்டுக்குள் சுருள்வில்லைப் பொருத்தியவள் மட்டும் இருக்க மாட்டாள். அவள் பெயர் ரோஸ்விதா கெம்பர், ஜெர்மனியின் வெல்பெர்ட் ஊர்க்காரி, வயது ஐம்பத்தொன்பது. ருமேனியாவின் சிபியு நகரில், மூடுபனி விலகக் காத்து ஓடுபாதையோரம் நின்ற விமானத்தில், பக்கத்து இருக்கைக்காரரிடம் அவள் பேசியது இது.

நிபுணராம், நிபுணர்! படிங்க, நிறுத்தாதீங்க. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. ஃபோன்ல எழுத்தை அவ்வளவு பெருசா வச்சிருக்கீங்க, பைலட்டுக்கே தெரியும். ‘எங்கள் நிபுணர்களின் அயராத முயற்சியால் சிபியு ஆலை இலக்கை எட்டியது; வெல்பெர்ட் பிரிவு மார்ச் இறுதியில் மூடப்படும்.’ அதான? காலையிலேருந்து நானும் மூணு தடவ படிச்சிட்டேன். நடுவுல சட்டைக்கையை மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவரு எங்க சின்ன முதலாளி, ஹெல்விங். தாத்தா பூட்டு செஞ்சாரு, அப்பா பூட்டு வித்தாரு, இவரு பூட்டைப் பத்திச் சுவத்துல படம் காட்டுறாரு. அம்புக்குறி, அதுமேல இன்னொரு அம்புக்குறி... எல்லா அம்பும் கிழக்கப் பாத்துதான் போகுது! ஸ்பிரிங்குக்கும் சூப்புல போடற நூடுல்ஸுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. அவரு நிபுணர்!

நானா? நான் ஸ்பிரிங் போடறவ. ...இல்லைங்க, கட்டில் ஸ்பிரிங் இல்ல. உங்க வீட்டுக் கதவுல சாவி நுழையுதே, அந்த உருளைக்குள்ள வரிசையா ஆறு குழி. குழிக்கு ஒரு ஸ்பிரிங், எறும்பு அளவு. கோணலா உக்காந்துச்சுன்னா பூட்டு குப்பைக்கு. முப்பத்திநாலு வருஷமா அதை நேரா உக்கார வச்சுக்கிட்டு இருக்கேன். என்னை யாராவது நிபுணர்னு சொன்னாங்களா? ‘கெம்பர் அம்மா, கொஞ்சம் நகருங்க, போட்டோ எடுக்கணும்’னு சொன்னாங்க.

அந்தக் காதுல மாட்டுறதை எடுத்துடுங்க. பனி இப்போதைக்கு விலகாது. உங்களுக்கும் வேற வேலை இல்ல.

போட்டின்னா எனக்குப் புரியாதுன்னு நினைக்காதீங்க. தூரக்கிழக்குலேருந்து வர பூட்டு எங்க விலையில மூணுல ஒரு பங்கு. கூட்டத்துல சின்ன முதலாளி சொன்னப்ப எல்லாரும் உச்சுக்கொட்டினாங்க. நானும் கொட்டினேன். கொட்டிட்டு, வர வழியில கடையில நிறுத்தி, எங்க நிலவறைக் கதவுக்கு அதே பூட்டுல ஒண்ணு வாங்கினேன்! ...சிரிங்க, சிரிங்க. பிரிச்சுப் பாத்து ஏளனம் பண்ணலாம்னுதான் வாங்கினேன். பிரிச்சேன். ஆறு ஸ்பிரிங்கும் நேரா நிக்குது, சர்ச்சுல ஜனங்க எழுந்து நிக்கற மாதிரி. எனக்கு வந்த கோபம் இருக்கே! மோசமா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன். அந்தப் பூட்டு இன்னமும் கதவுல இருக்கு, நல்லா வேலை செய்யுது. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

அதனால பூட்டுப் பிரிவு சிபியுவுக்குன்னு முடிவாச்சு. எங்க கூடத்துல இனி ஃபோனாலேயே திறக்கற பூட்டு வருதாம். அதுக்குப் பன்னெண்டு இளவட்டம், ஒரு காபி மெஷின், ஒரு மேசைக் கால்பந்து. ஸ்பிரிங் இல்ல, அதனால நாங்களும் இல்ல. எங்க குழுத் தலைவர் சண்டை போட்டு ஒரே ஒரு நிபந்தனை வாங்கினாரு: பிப்ரவரி முடியறதுக்குள்ள சிபியுவுல கழிவு, அதான் குப்பைக்குப் போற பூட்டு, நூத்துக்கு மூணுக்குக் கீழ வரணும். வரலைன்னா மேசையெல்லாம் வெல்பெர்ட்டுக்கே திரும்பணும், எங்க இருபத்திரண்டு பேர் வேலையும் நிலைக்கணும். எழுத்துல, கையெழுத்தோட.

ஆரம்பத்துல கழிவு எவ்வளவு தெரியுமா? நூத்துக்கு முப்பத்தொண்ணு! ஸ்பிரிங் பறக்குது. வெட்டுக்கிளி மாதிரி பறக்குது. மூணு தடவ பொறியாளருங்க வந்தாங்க. கேமரா வச்ச மெஷின் ஒண்ணு வாங்கினாங்க, அது இன்னும் தூரமாத் தெறிக்க விட்டுச்சு. ஆலோசகர் ஒருத்தர் வந்து காத்துல ஈரம் எவ்வளவுன்னு அளந்தாரு. காத்துல! எங்க இருபத்திரண்டு பேர்ல ஒருத்தியக் கூப்பிட்டு, ‘நீ எப்படிம்மா போடற?’ன்னு ஒரு வார்த்தை... ஊஹும்.

ஏன்னா ஸ்பிரிங் போடற முறையெல்லாம் ஒரு கோப்புல இருக்குன்னு நினைச்சாங்க. நாப்பத்தொரு பக்கம், படத்தோட. வேலையை அப்படியே தூக்கி ருமேனியாவுக்குக் கொண்டுபோக முடிஞ்சதே அந்தக் கோப்பு இருந்ததாலதான். அதை எழுதினது... சரி, நான்தான். அப்படிப் பாக்காதீங்க! நாலு வருஷத்துக்கு முன்னாடி எழுதினேன். இடம் மாத்தறதுக்கா எழுதினேன்? புதுசா வரவங்க அதையே அதையே கேக்கறாங்க. எனக்கு ஒழுங்கு வேணும். எங்க தெருவுல யாரு எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில போடறாங்கன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் எனக்குத் தெரியும்னு தெரியும். ஆலை வாசல்ல யோசனைப் பெட்டி தொங்குது, அதுல போட்டேன். அந்த வருஷத்துக்குச் சிறந்த யோசனைன்னு பரிசு: ஒரு கூடை. கல்லீரல் சாஸேஜ், ஒரு பாட்டில் நுரை ஒயின், ஒரு டப்பா அன்னாசி. எங்க வேலையெல்லாம் ஒரு டப்பா அன்னாசிக்குப் போச்சு பாத்துக்கங்க!

ஆனா கோப்புல ஒண்ணு இல்ல. கிட்ட வாங்க. இப்ப இதைச் சொல்லலாம், இனிமே இதுல ரகசியம் என்ன இருக்கு? பதினாலாம் பக்கம், ‘ஸ்பிரிங்கை எடுத்துக் குழியில் வைக்கவும்.’ படத்துல வெள்ளைக் கையுறை. அழகான கை, என் கைதான். நெசத்துல என்ன பண்ணுவோம்? கையுறை கிடையாது. ஆள்காட்டி விரலை மூக்கோரம் இப்படி ஒரு தேய்... ஆமாங்க, மூக்குதான்! இங்க, ஓரத்துல, எண்ணெய் கசியுமே. அந்தப் பிசுக்கு போதும். ஸ்பிரிங் விரல்ல ஒட்டும், குழியில வச்சா விட்டுடும். இயந்திர எண்ணெய் போட்டா வழுக்கும், தண்ணி போட்டா துரு. மூக்குக்கு மேல ஒண்ணுமில்ல. எனக்குக் காட்டினவ நெர்மின். அங்காராவுலேருந்து வந்தவ. அப்ப வெல்பெர்ட்ல ஜெர்மன்காரி யாரும் இந்த வேலைக்கு வர மாட்டா. நான் வந்தேன், எனக்குக் கடன் இருந்துச்சு.

அதைப் போய் எப்படிங்க எழுதுவேன்? தரச் சான்று குடுக்கற அதிகாரி வருவாரு, பக்கத்தைப் புரட்டுவாரு, ‘படி ஒன்று: மூக்கைத் தேய்க்கவும்’னா? கூச்சமா இருந்துச்சு. அதனால கையுறை மாட்டிப் படம் எடுத்தேன். சதி ஒண்ணும் இல்ல, வெறும் கௌரவம்.

கழிவு ஏற ஏற அதுவே எங்களுக்குக் கோட்டை ஆயிடுச்சு. பக்கத்து மேசைக்காரி காரினோட பிறந்தநாள் கேக்கை வெட்டிக்கிட்டே சத்தியம் பண்ணினோம். இருபத்திரண்டு பேரும். மூக்கைப் பத்தி மூச்சு விடக் கூடாது.

இப்ப என் ஃபோன்ல பதினேழு செய்தி வந்திருக்கு. எல்லாம் ஒரே கேள்வி: ‘யாரு சொன்னது?’

...தண்ணியா? வேண்டாம்மா, எனக்கு வேண்டாம். அவருக்குக் குடு, அவருதான் ரொம்பப் பேசிட்டாரு.

போன வாரம் கடைசி முயற்சியா கோப்பு எழுதினவளையே அனுப்பறதுன்னு முடிவு பண்ணினாங்க. குழுத் தலைவர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘போ ரோஸ்விதா, நாலு நாள் நல்லாச் சாப்பிடு, நிறைய விளக்கம் குடு, ஒண்ணையும் சொல்லிடாத’ன்னாரு. எனக்கு அது கஷ்டமே இல்லையே! மூணு நாள் அப்படியே ஓட்டினேன். கோஸ் இலையில கறியையும் சோத்தையும் சுருட்டிக் குடுத்தாங்க, புளிச்ச க்ரீமோட. வெளுத்துக் கட்டினேன். நடக்கற இடமெல்லாம் காலுக்கடியில நறநறன்னு ஸ்பிரிங். நான் தலையை ஆட்டி, ‘வெளிச்சம் போதாது’ன்னு சொன்னேன். மறுநாள் ‘நாற்காலி உயரம்’னேன். எழுதிக்கிட்டாங்க, பாவம்.

நாலாவது நாள், நேத்து. முதல் மேசையில வியோரிக்கான்னு ஒருத்தி. ஜெர்மன் பேசுவா, நம்ம ஊர்ப்பக்கமே ஏழு வருஷம் ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தவ. இந்த ஆலை வந்ததும் மகளோட இருக்கலாம்னு திரும்பி வந்திருக்கா. ...இல்ல இல்ல, பரிதாபப்பட்டேன்னு நினைக்காதீங்க. அதெல்லாம் எனக்கு வராது. அவ தலைமுடியிலேருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மேசையில வச்சுட்டு, ரொம்ப மரியாதையாச் சொல்றா: ‘கெம்பர் அம்மா, பதினாலாம் பக்கத்துல இருக்கற மாதிரியேதான் செய்றோம். நாங்க தப்பு பண்ணல. உங்க கோப்புதான் தப்பு.’

தப்பாம்! என் கோப்பாம்!

‘என்னது?’ன்னேன். ‘எழுதினவங்க இந்த வேலையைச் செஞ்சதே இல்ல போலிருக்கு. ஆபீஸ்காரங்க யாரோ எழுதியிருக்கணும்’னா. ஆபீஸ்காரங்க! என்னை! பக்கத்து மேசைக்காரி களுக்குன்னு சிரிக்கிறா.

அதுக்கப்புறம் என் கை என் பேச்சைக் கேக்கலைங்க. ‘நகருடி’ன்னேன். கையுறையைக் கழட்டி வீசினேன். மூக்கு, ஸ்பிரிங், குழி. மூக்கு, ஸ்பிரிங், குழி. ஒரு பூட்டு, ரெண்டு பூட்டு, ஏழு பூட்டு, ஒரு ஸ்பிரிங்கும் தெறிக்கல. தலையை நிமித்தி, ‘இப்பச் சொல்லு, யாரு ஆபீஸ்காரி?’ன்னு கேட்டேன்.

கூடம் முழுக்க இருபது பேரு கையுறையைக் கழட்டிக்கிட்டு இருக்காங்க. இருபது விரலும் மூக்குக்குப் போகுது. வியோரிக்கா என் கையைப் புடிச்சு முத்தம் குடுத்தா, எனக்கு அவளை அறையணும்போல இருந்துச்சு. சாயங்காலம் கழிவு நூத்துக்கு ஒண்ணரை. சின்ன முதலாளி ஃபோன்லயே ‘அற்புதம்’னாரு.

எப்படி முறைக்கிறீங்க! நீங்களே இப்படி முறைச்சா காரின் எப்படி முறைப்பா? அவளுக்கு இன்னும் ஒன்பது வருஷ வீட்டுக்கடன் இருக்கு. நாளைக்கு உணவுக்கூடத்துல இருபத்தொரு பேரும் உக்காந்திருப்பாங்க. ஆலோசகர் கண்டுபுடிச்சாருன்னு சொல்லிடலாம். ஈரம் அளந்தாரே, அவரு. நல்லாப் பொருந்துது, எல்லாரும் நம்புவாங்க. ...ஆனா பாருங்க, அந்த ஆளு ஏழு பூட்டுல ஒண்ணைக் கூடப் போட்டிருக்க முடியாதுங்க. அவருக்கா நான் அந்தப் பேரைக் குடுக்கறது?

மூடுபனி பதினொன்றரை மணிக்கு விலகியது. மறுநாள் உணவுக்கூடத்தில் ரோஸ்விதா கெம்பர் இருபத்தொரு பேரிடமும் உண்மையைச் சொன்னாள். பதின்மூன்று பேர் அன்றிலிருந்து அவளுடன் பேசுவதில்லை, காரினும் அவர்களில் ஒருத்தி. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மற்றவர்களோடு அவளும் வேலையிழந்தாள். அரசு உதவியோடு நடக்கும் மறுபயிற்சி நிறுவனத்தில் ஓராண்டு இருந்தாள். விண்ணப்பக் கடிதம் எழுதும் வகுப்பை இரண்டு முறை முடித்தாள். அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் பக்கத்து ஊர் ரயில் நிலையத்து ரொட்டிக்கடையில் சேர்ந்தாள். வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு அவள்தான் கடையைத் திறக்கிறாள்.