கையை எடுத்தால் நிற்க வேண்டிய சுவிட்ச்

மேடையில் அமர்ந்திருக்கும் படகுக் குழுத் தலைவர் தங்கப்பாண்டியன் ஐயா அவர்களே, குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும், ஸ்டீவன் அண்ணனின் மனைவி எப்சிபா அக்கா அவர்களே, கடைகளை அடைத்துவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் ராயப்பன்பட்டி, சின்னமனூர்ப் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!

என் பெயர் சுபாஸ்ரீ. பிளஸ் ஒன் படிக்கிறேன். அணைக்கு அக்கரையில் உள்ள தோட்டங்களிலிருந்து படகேறிப் பள்ளிக்கு வரும் பதினோரு பேரில் நானும் ஒருத்தி. எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறீர்கள். நான்கு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீசியன் ஸ்டீவன் அண்ணன் போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போனார். நாற்பத்திரண்டு வயது! மேகமலைப் பாதையில் நின்றுபோன எத்தனை ஜீப்புகளை அவர் மீண்டும் ஓட வைத்திருப்பார்? மழையென்று பார்த்தாரா? ஞாயிறென்று பார்த்தாரா? அதையெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நான் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அணையில் தண்ணீர் இறங்கினால் கரையோரம் பழைய மரக்கட்டைகள் தலை தூக்கும். அந்த இடம் வந்ததும் படகின் பின்னால் இருக்கும் எஞ்சினை மேலே தூக்க வேண்டும். ஓட்டுநர் கர்ணன் அண்ணன் ஒரு கையால் கயிற்றை இழுத்து, மறு கையால் படகைத் திருப்புவார். சென்ற ஆண்டு கயிறு நழுவியது. விசிறி கட்டையில் மாட்டிப் படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வர வர, நாங்கள் பதினோரு பேரும் டிபன் பாக்ஸ் மூடியால் இறைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் ஒரு பொத்தானில் எஞ்சினை ஏற்றி இறக்கும் மோட்டார் பிராக்கெட்டைக் குழு வாங்கியது. அதற்கு சுவிட்ச் தேர்ந்தெடுத்து வயரிங் செய்ய யார் வந்தார்? ஸ்டீவன் அண்ணன் வந்தார்! கூலி வேண்டாம் என்று சொல்லி வந்தார்!

பிராக்கெட்டோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. "ஏத்தா சுபா, நீ படி. நான் மாட்டுறேன்" என்றார். பள்ளி விட்டதும் நான் கரையில் உட்கார்ந்து படிப்பேன். அவர் வயரைச் சீவுவார்.

முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. பேட்டரியிலிருந்து ஒரே ஒரு வயரைக் கொண்டு போனார். இன்னொன்றை ஜீப்பில் செய்வதுபோலப் படகின் உடம்பிலேயே போல்ட் வைத்து முறுக்கினார். சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் அசையவில்லை. கர்ணன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னண்ணே, அப்படியே நாலு சக்கரத்தையும் மாட்டிருவமா?"

"ஏலே, சிரிக்காத. இருவது வருசமா பாடியில எர்த்து எடுத்த கைடா இது. பைபருக்குள்ள எங்கன போயி எர்த்து எடுக்க?" என்று அவரும் சிரித்தார். ஜீப்பின் இரும்பில் மின்சாரம் பாயும், பைபர் படகில் பாயாது. பிறகு இரண்டு கனத்த வயர்களையும் பேட்டரி வரைக்கும் இழுத்தார்.

அடுத்த நாள் நடந்தது வேடிக்கை இல்லை. அதைச் சொல்லத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கேட்டார். பன்னிரண்டு ஆம்பியர் என்று படித்தேன். அதனால் ஜீப்புக்குப் போடும் பதினைந்து ஆம்பியர் சுவிட்சை எடுத்தார். சோதனைதானே என்று ஃபியூஸ் இல்லாமல் கொடுத்தார். அந்த சுவிட்ச் ஒருமுறை தட்டினால் தட்டியபடியே நிற்கும். பிராக்கெட் மேலே முட்டிய பிறகும் மோட்டார் நிற்கவில்லை, முக்கிக்கொண்டே இருந்தது. சுவிட்ச் உருகிப் புகை வந்தது. அண்ணன் பேட்டரி வயரைப் பிடுங்கினார். அவர் விரலில் கொப்புளம்.

வீட்டுக்குப் போய் புத்தகத்தைத் திருப்பினேன். பன்னிரண்டு என்பது சும்மா ஓடும்போது. முட்டி நின்றால் நாற்பது! அது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் திருப்பாத பக்கத்தில்.

மறுநாள் அழுதுகொண்டே காட்டினேன். அவர் திட்டவில்லை. "விடு ஆத்தா. இனிமே அடுத்த பக்கத்தையும் படி" என்றார். அன்று மாலை குழு கூடியபோது எழுந்து நின்று, "சுவிட்ச தப்பா எடுத்தது நாந்தேன்" என்றார். நான் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறந்தேனா? திறக்கவில்லை.

பிறகு சரியான சுவிட்சுக்குக் கொச்சியில் ஆர்டர் கொடுத்தார். அழுத்தும்வரை வேலை செய்யும், விரலை எடுத்தால் தானாக நடுவுக்கு வந்து நிற்கும். கனத்த மின்சாரம் அதற்குள் போகாது, ரிலே என்ற இரண்டு துணைச் சுவிட்சுகள் அதைச் சுமக்கும். "கைய எடுத்தா நிக்கணும், ஆத்தா. பிள்ளைக போற படகு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பார்சல் அவர் இறந்த மறுநாள் வந்தது. இதோ, எப்சிபா அக்கா மடியில் இருக்கிறது.

ஆனால் படகில் இன்று என்ன இருக்கிறது? மறுபடியும் அதே மாதிரி ஒரு ஜீப் சுவிட்ச்! திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, அண்ணன் நினைவாகப் படகும் அன்றே ஓட வேண்டும் என்ற நல்ல மனதோடு குழு மாட்டியிருக்கிறது. கொச்சிப் பார்சலை நான் நினைவூட்டியபோது தலைவர் ஐயா என்ன சொன்னீர்கள்? "ஸ்டீவனே ஒருக்க கருக்குனவருதானம்மா. அவரு சொன்னதுக்காகக் காத்துக் கிடக்கணுமா?"

ஐயா, அவர் கருக்கவில்லை. நான் கருக்கினேன். என் தவறைத் தன் பேரில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பேரை வைத்தே அவர் தேர்ந்தெடுத்த சுவிட்சை ஒதுக்குவது நியாயமா? கர்ணன் அண்ணன் கவனம் ஒரு நொடி கட்டையின் மேல் போனால் மோட்டார் முட்டி நிற்கும், வயர் சூடேறும். பேட்டரிக்குப் போட்டிருக்கும் பெரிய ஃபியூஸ் அந்தச் சின்ன சுவிட்சைக் காப்பாற்றாது. பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க். அதன் மேல் பலகையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருவார்கள். தீப்பிடித்தால் அவர்கள் எங்கே இறங்கி ஓடுவார்கள்?

அண்ணன் வரைந்த வயரிங் படம் என் நோட்டில் இருக்கிறது. அவர் கடையில் உடன் வேலை செய்த முத்துராஜா அண்ணன், "ரெண்டு நாள் குடுங்க, முடிச்சிருவேன்" என்கிறார். புதன்கிழமை வரை நாங்கள் பதினோரு பேரும் கரையைச் சுற்றி நடந்து வருகிறோம். ஆறு கிலோமீட்டர். எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், சம்மதம்.

ஸ்டீவன் அண்ணே! இனி எந்தப் புத்தகத்திலும் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் பதில் சொல்லமாட்டேன். இது இந்தச் சபையறிய நான் தரும் வாக்கு.

கடைசியாக ஒன்று. தலைவர் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று காலை வரும் வழியில் படகில் ஏறி, பேட்டரிப் பக்கத்தில் இருந்த அந்த ஃபியூஸைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். இதோ என் கையில் இருக்கிறது. இது இல்லாமல் பிராக்கெட் அசையாது. இதை எப்சிபா அக்காவிடம் கொடுக்கிறேன். அண்ணனுடைய சுவிட்சை மாட்டிய பிறகு அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.