ஐந்தாவது நாவல்

— நிறுத்து மல்லி. போதும், மூடி வை.

— கடைசி அத்தியாயம்தான் மாமா. அஞ்சு மணிக்குள்ள பரிசு கமிட்டிக்கு என் ரிப்போர்ட் போவணும். இப்பவே மூணே முக்கால்.

— மொதல்ல படிச்ச நாலு நாவல் கீதே, அதுல ஒண்ணுக்கு மார்க் போட்டு அனுப்பிடு. எல்லாமே நல்லாத்தான கீது.

— பத்து வருஷமா பரிசு சீசன் வந்தா உனக்குப் படிச்சிக் காட்டறேன். ஒரு புக்கையாவது நடுவுல நிறுத்தச் சொல்லியிருக்கியா?

— நான் தெலுங்கு மீடியம். தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. நீ படிச்சாதான் எனக்குக் கத. அதனால கேட்டுக்கினு இருந்தேன். இத்த கேக்க முடியல, போரடிக்குது.

— போரா? போன அத்தியாயத்துல நீ மூணு வாட்டி தண்ணி எடுத்துக் குடிச்சத பாத்தேனே.

— சுகர் மாத்திர போடல.

— போட்டியே. நான்தான எடுத்துக் குடுத்தேன்.

— சரே, நிஜத்தையே சொல்றேன். அந்தக் கொழந்த சாவப்போவுது, தெரியுது. நம்ம காவ்யா ஞாபகம் வருது. வத்து மல்லி, வேணாம்.

— எனக்கு மட்டும் வரலியா? அந்தக் குழந்தை மாங்கொட்டைய காய வச்சி, நாரைச் சீவி, பொட்டு வச்சி, பேர் வைக்குது பாரு. காவ்யா அப்படியே செய்வா.

— சித்தூர் ஜில்லாவுல மாங்கொட்ட வச்சி ஆடாத புள்ள ஏது?

— அதுக்கு ஹரிபாபு சார்னு பேர் வச்ச புள்ள எத்தினி? உங்க மாம்பழக் கூழ் ஃபேக்டரி மேனேஜர் பேரு மாமா. கதையிலயும் அதே பேருதான்.

— அப்ப எவனோ நம்ம ஊட்டப் பத்தித் தெரிஞ்சவன் எழுதிக் கீறான். திருட்டு நாயி. அவனுக்கா பரிசு குடுக்கப்போற?

— குடுக்கத்தான் போறேன். முதல் இடம். எழுதி வச்சிட்டேன், கேளு. "இந்த ஆசிரியர் இலக்கியம் படித்து வந்தவர் போலத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வரியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. குறை ஒன்றே ஒன்றுதான். தகப்பனைக் காப்பாற்றப் பார்க்கிறார்."

— காப்பாத்தறானா?

— பின்ன? அம்மாக்காரி போனை ஆஃப் பண்ணிட்டுத் திருப்பதியில புத்தகக் கூட்டத்துல பேசறா. குழந்தைக்குக் காய்ச்சல், ஸ்கூல்லேர்ந்து அவளைக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்கறாங்க. இதெல்லாம் வருது. அவ கிடைக்கலன்னதும் தகப்பன் இன்னா பண்ணான், அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

— ஆறு வருஷம் ஆச்சி. ஏன் போனை ஆஃப் பண்ணன்னு உன்ன ஒரு வார்த்த கேட்டேனா?

— நீ கேக்கல. ஊர் கேட்டுது. காரியத்தன்னிக்கி உங்க அம்மா, "புக்கு பேசப் போயி புள்ளையக் குடுத்துட்டா"ன்னு என் காதுபடவே சொன்னாங்க. நீ தலையக் குனிஞ்சிக்கினு இருந்த. அன்னிலேர்ந்து கூட்டம்னு ஒண்ணுக்கு நான் போனதில்ல. கழுத்துல கல்லக் கட்டிக்கினு வாழறேன் மாமா.

— ஐயோ, அந்தப் புக்கத் தள்ளிடு. உன் கால்ல விழறேன். பரிசு வந்தா பேப்பர்ல போடுவாங்க. புத்தூர்ல, நகரியில, எங்க தங்கச்சி ஊட்ல, எல்லாரும் படிப்பாங்க.

— படிச்சா உனக்கு இன்னா பயம்?

— எனக்கு இன்னா பயம்? ஒண்ணுமில்ல.

— அப்ப கேளு. அந்தத் தகப்பன் ரங்கையா வர்ற எடம். "பாக்கெட்டில் போன் அடித்தது. ரங்கையா எடுத்துப் பார்த்தான். பள்ளிக்கூடத்து நம்பர். எடைமேடைக்கு முன்னால் பதினோரு லாரி நின்றுகொண்டிருந்தது. அவன்..."

— படி. ஏன் நிறுத்திட்ட?

— அவ்ளோதான். "அவன்" அப்படின்னு நிக்குது. அப்புறம் வெறும் தாளு. எழுதினவன் ஓடிப்போயிட்டான்.

— அதுவே முடிவா இருக்கட்டும்.

— இது முடிவில்ல, கோழைத்தனம். அவன் போன்ல பேசினானா?

— எனக்கு எப்பிடித் தெரியும்?

— பேசினானா மாமா?

— கத்தாத மல்லி.

— கத்துவேன். ஸ்கூல்ல கேக்கலாம்னு போனேன், அந்த டீச்சர் வேலைய விட்டே போயிட்டாங்க. எனக்குச் சொல்ல வேற யாருமில்ல. இந்த ஒரு வரி தெரியாம என்னால வாழவும் முடியல, சாவவும் முடியல. சொல்லு.

— பேசினேன்.

— இன்னொரு வாட்டி சொல்லு.

— நான் பேசினேன் மல்லி. "பாப்பாவுக்குக் கண்ணு சொருவுது, அவங்க அம்மா போன் ஆஃப்ல கீது, நீங்க வாங்க"ன்னு டீச்சர் அழுதாங்க. வெயில்ல பழமெல்லாம் புளிச்சிக்கினு நின்னுது. "படுக்க வைங்கம்மா, அவங்க அம்மா வந்துடும்"னு சொன்னேன். சொல்லிட்டு நானும் ஆஃப் பண்ணிட்டேன். அப்ப பத்தே முக்கா. நான் போனது ரெண்டு மணிக்கு.

— ரெண்டு மணி. ஐயோ என் கண்ணே.

— உன் மேல விழுந்த பழியெல்லாம் எனுது. வாயத் தொறந்தா வரல. அதனாலதான் ஃபேக்டரி டைரியில கதையாட்டம் எழுதினேன். நீ படிச்சிக் காட்டற தமிழயே தெலுங்கு எழுத்துல எழுதினேன், உனக்குப் படிக்க வராதுன்ற தைரியத்துல. அரிசி ட்ரம்முக்குப் பின்னால ஒளிச்சி வச்சது, திருப்பதிக்கு ஊடு மாறினப்ப காணாமப் போச்சி. எவனோ எடுத்து அச்சுப் போட்டுட்டான். யாரு அவன்? அட்டையில இன்னா பேரு கீது?

— காவ்யா சிலேட்டுல தெலுங்கு எழுதிப் பழகினாளே, அப்ப பக்கத்துல உக்காந்துக்கினு கூடவே எழுதினது யாரு?

— யாரு?

— நான். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து மூணாங்கிளாஸ் வரைக்கும் அவ படிச்சதெல்லாம் நானும் படிச்சேன். நீ எடைமேடையில இருப்ப, உனக்கெங்க தெரியும்?

— அப்ப டைரி...

— நான்தான் எடுத்தேன். அழுது அழுது தமிழ் எழுத்துக்கு மாத்தினேன். சித்தூர்ல இஸ்மாயில் பிரஸ்ல அடிச்சேன். அட்டையில கொட்டை எழுத்துல இருக்கறது உன் பேருதான் மாமா, ஏகாம்பரம்னு. காலையிலேர்ந்து அது உன் கண்ணு முன்னாலதான் இருக்கு.

— ஐயோ மல்லி, கமிட்டிக்கு மட்டும் அனுப்பிடாத. எனக்குத் தண்டன நீ குடு, இன்னா வேணா குடு. ஊருக்குத் தெரிய வேணாம்.

— கமிட்டிக்கு ரிப்போர்ட் போன வாரமே போயிடிச்சி மாமா. லிஸ்ட்ல இருந்தது நாலு நாவல்தான், இது நான் ஒரே ஒரு காப்பி அச்சுப் போட்டது, உன் வாயால கேக்கறதுக்கு.