எல்லைக்கல்லுக்கு வந்த கம்பெனி

சேரப்பணஞ்சேரித் திருவிழாவைச் சீரும் சிறப்புமாய் நடத்திக் காட்டிய தலைவர் பெருந்தகை தணிகாசலம் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியோர்களே! மஞ்சள் மணக்க, முகம் மலர அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பத்து நாள் காப்புக் கட்டி, ஒருவேளை உண்டு, சற்றுமுன் நெருப்பிலே நடந்து, இப்போது பசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அருமைச் சகோதரர்களே! வேப்பமரத்தின் மேலிருந்து கேட்கும் வாலிபர்களே, கிளை பத்திரம்! அனைவருக்கும் வாலாஜாபாத் செந்தமிழனின் கைகூப்பிய வணக்கம்.

முதலில் ஒரு செய்தி. காப்பு அவிழ்க்கும் மணி அடித்த அடுத்த நொடியே பேச்சை நிறுத்திவிடுவதாகத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏன் சிரிக்கிறீர்கள்? போன ஆண்டு நான் பேசி முடிப்பதற்குள் கூழ் ஆறிக் கட்டியானதை, அதைக் காய்ச்சிய சுந்தராம்பாள் அம்மையார் இன்னும் மன்னிக்கவில்லை. அதோ, தலையை ஆட்டுகிறார்!

வேண்டுதல் என்றால் என்ன? வேண்டியதைக் கேட்பதா வேண்டுதல்? அது பாதிதான் ஐயா! கேட்டது கிடைத்த பிறகும் கேட்ட வாயை மறக்காமல் இருப்பதல்லவா வேண்டுதல்! நோய் வந்தால் நாம் எல்லோரும் பக்தர்கள். நோய் போனால்? அப்போது அல்லவா தெரியும், யார் பக்தர் என்று!

முதல் வரிசையில், பாதத்தில் சாம்பலோடு, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே கோதண்டம், நிமிர்ந்து பாருங்கள் தம்பி! பங்குனி மாதம் இவருடைய மனைவி ரத்னா மஞ்சள் காமாலையில் இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தாயே, இவ நல்லபடியா வூடு வந்து சேந்தா ஆடியில காப்புக் கட்டி தீ மிதிக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார் கோதண்டம். ரத்னா வீடு வந்தார். இதோ, தாய்மார்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறார். நீடூழி வாழ்க!

காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் தகடு அடிக்கும் கம்பெனிக்குத் தெரியுமா? கோதண்டம் வேலை செய்யும் கம்பெனி எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அரை மைல்!

ஆண்டுதோறும் ஆடி மூன்றாம் வெள்ளிக்குத்தான் காப்பு. அதை நம்பி, சூப்பர்வைசர் யாக்கோபுவிடம், "திங்கட்கிழமை காலையில டை ரெடி சார், நான் கேரண்டி" என்று சொல்லிவிட்டார் கோதண்டம். டை என்றால் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் இரும்பு அச்சு. அதை அரத்தால் இழைத்துப் பொருத்த அந்தக் கம்பெனியில் இவர் ஒருவர்தான். அந்த வெள்ளிக்குப் பம்பைக்காரர்கள் கிடைக்கவில்லை என்று இந்த ஆண்டு விழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். தலைவர் அவர்களே, இழுத்தது உங்கள் குழுதான்! நோட்டீஸ் ஒட்டிய நாட்களில் கோதண்டம் ராப்பகலாக ஓ.டி. என்னும் கூடுதல் வேலையில் இருந்தார். வியாழக்கிழமை மாலை பம்பைச் சத்தம் கேட்டுத்தான் விடிந்தால் காப்பு என்று அவருக்குத் தெரிந்தது.

அம்மனுக்கு ஒரு வாக்கு. யாக்கோபுக்கு ஒரு வாக்கு. என்ன செய்வார் அந்த மனிதர்?

வெள்ளிக்கிழமை காலையில் காப்பைக் கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். "இன்னாத்துக்குக் கவலைப்பட்டுகினு? வயித்து வலின்னு ஒரு லீவு லெட்டர் எழுதிக் குடு. நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

கோதண்டம் கேட்டார்: "சாமிகிட்ட சொன்னத காப்பாத்த, மனுசன்கிட்ட பொய் சொல்லச் சொல்றியா?"

கைதட்டுங்கள் ஐயா! நான் இருபது வருடமாக மேடை மேடையாய்ப் பேசியதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

அதே பாண்டுரங்கனிடம் உண்மையைச் சொல்லியனுப்பினார் கோதண்டம். வண்டியை முறுக்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்கே வந்துவிட்டார் யாக்கோபு. கல்லுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"இன்னா கோதண்டம், இப்டி கழுத்தறுத்துட்ட! உன் பேச்ச நம்பி நான் மொதலாளிகிட்ட பேச்சு குட்த்துட்டேன்பா. திங்கக்கெழம டை ஏறலன்னா ஆர்டர் போய்டும். புதுசா சேந்த பன்னெண்டு பேருக்கு வேலை கெடையாது!"

"கல்ல தாண்ட மாட்டேன் சார். சொன்ன வேலையையும் வுட மாட்டேன். டைய இங்க கொண்ணாந்துடுங்க."

"அது நாலு ஆளு தூக்கற வெயிட்டுப்பா!"

"சாமி தூக்கற ஊர்ல ஆளுக்கா சார் பஞ்சம்?"

யாக்கோபு வண்டியைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "எங்க வூட்ல வேளாங்கண்ணிக்கு நடந்து வரேன்னு வேண்டிகினா, கால் கொப்புளிச்சாலும் பஸ் ஏற மாட்டோம். இரு, டெம்போ எடுத்தாறேன்."

அன்பர்களே! கோதண்டம் கம்பெனிக்குப் போகவில்லை. கம்பெனி கோதண்டத்தைத் தேடி வந்தது! எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் பெஞ்சு வந்தது, அரம் வந்தது, அச்சு வந்தது! வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று பகல் இழைத்தார். இடையிலே, அச்சுக்கு எண்ணெய் தடவும்போது ஒரு வம்பும் வந்தது. "காப்புக் கட்டினவன் எண்ணெய் தொடலாமா?" என்று பூசாரி சுப்பிரமணி ஐயா கேட்டுவிட்டார். "என் தலைக்கு வெக்கல ஐயா, இரும்புக்குத்தான் வெக்கறேன்" என்றார் கோதண்டம். பூசாரி யோசித்தார். யோசித்துவிட்டு, அந்த அச்சுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனார்!

இழைத்ததை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், கம்பெனியில் ஒரு தகடு அடித்துப் பார்த்து, தகட்டோடு அச்சையும் திருப்பிக் கொண்டு வருவார் யாக்கோபு. ஏழு தடவை! ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தவர் சுந்தராம்பாள் அம்மையார். ஏழாவது தடவை தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார் யாக்கோபு: "ஒக்காந்துச்சுபா! கரெக்டா ஒக்காந்துச்சு!" திங்கட்கிழமை லைன் ஓடியது. பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

அன்று யாக்கோபு ஒரு வாக்குக் கொடுத்தார். "நீ தீ மிதிக்கற அன்னிக்கு எதிர்ல வந்து நிப்பேன்." இன்று அவருக்குப் பகல் ஷிப்ட். ஆள் மாற்றிவிட்டு, சட்டை மாற்ற நேரமில்லாமல், கம்பெனிச் சட்டையோடே வந்து குண்டத்தின் மறுகரையில் நின்றார். நெருப்பைத் தாண்டி வந்த கோதண்டத்திடம் நான் கேட்டேன், "சுட்டதா தம்பி?" என்று. அவர் சொன்னார்: "நெருப்ப பாக்கல சார். எதுர்ல யாக்கோபு சார் நின்னாரு. அவர பாத்துகினே வந்துட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது ஐயா. சொல்வதில் வெட்கமில்லை.

இதுவல்லவா பக்தி! கோயிலுக்குள் ஒரு நாக்கு, கோயிலுக்கு வெளியே ஒரு நாக்கு என்று அம்மன் நமக்கு இரண்டு நாக்கா கொடுத்தாள்? சந்நிதியில் சொன்ன சொல்லும் சொல். சந்தையில் சொன்ன சொல்லும் சொல். ஷிப்டில் சொன்ன சொல்லும் சொல்! மனிதனுக்குக் கொடுத்த வாக்கை மிதிக்கிறவன், எத்தனை நெருப்பை மிதித்து என்ன பயன்? அண்டை வீட்டுக்காரனிடம் சொன்னதைச் செய்கிறவன் கையில் கட்டிய மஞ்சள் கயிறு அல்லவா காப்பு! இன்னொரு நிகழ்ச்சி சொல்கிறேன், வாலாஜாபாத்திலே ஒரு நெல் வியாபாரி...

மணி அடித்துவிட்டது.

வியாபாரி அப்படியே நிற்கட்டும். சொன்ன சொல் முக்கியம்! சுந்தராம்பாள் அம்மா, கூழ் சூடாக இருக்கிறதா? கோதண்டம், எழுந்திருங்கள், யாக்கோபு ஐயா, கைகொடுத்து எழுப்புங்கள். காப்பு அவிழட்டும், கொடுத்த வாக்கு மட்டும் கையிலேயே இருக்கட்டும். பொறுத்துக் கேட்ட உங்கள் பசிக்கு நன்றி! வணக்கம்!